தகரத்துக்கு அடியில் இருக்கும் வைக்கோல்: ஒரு பழைய ஐரிஷ் வீட்டுக்கு எந்தக் கூரை?

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ கவுண்டியில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் மூன்று அறைக் கல் வீடு ஒன்றை என் நண்பர் குடும்பம் வாங்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக ஆளில்லாமல் கிடந்த வீடு அது. வெளியே நின்று பார்த்தால் துருவேறிய நெளிதகரக் கூரையும், சிமெண்ட் பூசிய சுவர்களும், ஒரே ஒரு புகைபோக்கியும் தெரிகின்றன. படுக்கையறையின் மேல் அடித்திருந்த பலகை உட்கூரையை ஓரிடத்தில் நீக்கி விளக்கடித்துப் பார்த்தபோதுதான், தகரத்துக்கு அடியில் பழைய வைக்கோல் கூரை அப்படியே இருப்பதும், வைக்கோலுக்கு அடியில் காய்ந்து கறுத்த புல்பத்தைகள் (வேரோடு உரித்தெடுத்த புல்தரை அடுக்குகள்) தோல் போல விரித்திருப்பதும் தெரிய வந்தன. பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் வேலையில் எனக்குச் சில ஆண்டுப் பழக்கம் உண்டு என்பதால், அடுத்து என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, இங்கே விரித்து எழுதுகிறேன்.

அவர்கள் முன் இருந்த வழிகள் ஐந்து. வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டலாம், கூரையைப் பிரித்துக் கற்பலகை போடலாம், நாணல் வேயலாம், பழையபடி வைக்கோல் வேயலாம், அல்லது இருக்கும் தகரத்தையே செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம்.

இடிப்பது என்ற வழியை நான் முதலிலேயே விலக்கிவிட்டேன். அயர்லாந்தில் அந்த வழியைத் தேர்ந்தவர்கள் மிகப் பலர். 1971-இல் மலிவு விலையில் வெளிவந்த வீட்டு வரைபடத் தொகுப்பு ஒன்று கிராமப்புறம் எங்கும் பங்களா எனப்படும் ஒரே தள நவீன வீடுகளைப் பரப்பியது. இன்றும் மேற்குக் கவுண்டிகளில் பயணம் செய்தால், புதிய பங்களாவும் அதன் பக்கத்தில் மாட்டுக் கொட்டகையாகவோ சாமான் அறையாகவோ மாறிப்போன பழைய வீடும் ஒரே முற்றத்தில் நிற்பதைக் காணலாம். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஈரத்திலும் புகையிலும் இடநெருக்கடியிலும் வளர்ந்தவர்களுக்கு அகலமான சன்னலும் வெந்நீரும் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் என் நண்பர்கள் விரும்பி வாங்கியது அந்தப் பழைய வீட்டைத்தான். ஆகவே மீதி நான்கு வழிகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

அவற்றை ஒப்பிடுவதற்கு முன் இத்தகைய வீடு எப்படி நிற்கிறது என்பது தெரிய வேண்டும். அயர்லாந்தின் மரபு வீடு ஓர் அறை அகலமே உடையது. நீண்ட மரம் கிடைக்காத நாட்டில் கூரையின் அகலத்தைக் கூட்ட முடியாது என்பதால், இடம் வேண்டும் என்றபோது வீட்டை நீளவாக்கில்தான் நீட்டினார்கள். மேற்கு முனையில் கூட்டிக் கட்டுவது ஆகாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருந்தது. நடைவழி என்று தனியாக எதுவும் கிடையாது, ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். கதவும் சன்னலும் நீண்ட சுவர்களில் இருக்கும். வீட்டின் இரு முனைகளிலும் உள்ள குறுக்குச் சுவர்களில் திறப்பு அரிது. கணப்பு எப்போதும் கூரை முகட்டின் நேர் கீழே, வீட்டின் நீள அச்சில் அமையும்.

இந்தப் பொது அமைப்புக்குள் இரண்டு பெரிய வகைகள் உண்டு. கிழக்கிலும் தெற்கிலும் கதவைத் திறந்தவுடன் எதிரே ஒரு மறைப்புச் சுவர் நிற்கும், அதற்கு அப்பால் கணப்பு இருக்கும். கணப்பருகே அமர்ந்தவர் வருபவரைப் பார்ப்பதற்காக அந்த மறைப்பில் ஒரு சின்னஞ்சிறு சன்னல் வைப்பார்கள். மேற்கிலும் வடக்கிலும் அப்படியில்லை: கதவு கணப்புக்கு எதிர் முனையில், நேரே சமையலறைக்குள் திறக்கும், அதற்கு நேர் எதிர்ச் சுவரில் இன்னொரு கதவும் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். முற்காலத்தில் கதவுகளுக்கு அப்பால், வீட்டுக்குள்ளேயே, கணப்புக்கு எதிர் முனையில் மாடுகளைக் கட்டுவதும் உண்டு. கணப்பின் நெருப்பைப் பார்க்கும் பசு பால் கூடுதலாகத் தரும் என்று நம்பினார்கள். என் நண்பரின் வீடு இந்த மேற்கத்திய வகை. எதிர்ச் சுவரில் உள்ள அந்தப் பின்கதவு பிறகு இந்தத் தீர்மானத்தில் பெரிய உதவி செய்தது.

இப்போது கூரைக்கு வருகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை.

தகரத்துக்கு அடியில் இருக்கும் மரங்களைக் கவனித்துப் பார்த்தால் இரண்டு கைமரங்கள்கூட ஒன்று போல் இல்லை. கோணலும் முண்டுமாக, சில இடங்களில் பட்டை உரிக்கப்படாத கிளைகளாகவே இருக்கின்றன. சற்றுத் தடித்த மரங்கள் சதுப்பு நிலத்திலிருந்து தோண்டி எடுத்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கரிமண்ணில் புதைந்து கெட்டிப்பட்ட பைன், ஓக் மரங்களை, அதிகாலையில் பனி எங்கே முதலில் உருகுகிறது என்று பார்த்தும், நீண்ட இரும்புக் கம்பியைக் குத்தித் துழாவியும் கண்டுபிடித்து எடுப்பார்கள். அந்த மரங்களின் மேல் கிளைகளைப் பரப்பி, அதன்மேல் வேரோடு சேர்த்துச் சுருள் சுருளாக உரித்தெடுத்த புல்பத்தைகளை விரித்துக் கயிற்றால் தைப்பார்கள். வைக்கோலைப் பிடித்து நிறுத்துவது இந்தப் புல்பத்தைதான். குளிரைத் தடுப்பதும் இதுதான். இதன்மேல் வைக்கோலை வரிசை வரிசையாக வைத்து, ஹேசல் மரத்தின் மெல்லிய வளார்களை முறுக்கி வளைத்துக் குத்தி இறுக்குவது ஒரு முறை. காற்று மிகுந்த அட்லாண்டிக் கரையோரத்தில் வேறு முறை: முகட்டைக் கூராக்காமல் உருண்டையாக விட்டு, கூரை முழுவதையும் கயிற்று வலையால் மூடி, இறவாணத்துக்குக் கீழே சுவரில் பதித்த கல் முளைகளில் கட்டிவிடுவார்கள். நண்பரின் வீட்டிலும் சிமெண்ட் பூச்சைக் கொஞ்சம் தட்டியபோது அத்தகைய முளை ஒன்று வெளிப்பட்டது. 1839 ஜனவரி 6-ஆம் நாள் இரவு வீசிய பெருங்காற்று எண்ணற்ற கூரைகளைப் பிய்த்தெறிந்தது. எழுபது ஆண்டு கழித்து, 1909-இல் முதியோர் உதவித்தொகை வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாதவர்கள் அந்த இரவு தமக்கு நினைவிருக்கிறது என்று சொல்லித் தம் வயதை நிறுவினார்கள். கூரையைக் கயிற்றால் கட்டிய மக்களின் அச்சம் வீணானதல்ல.

முதலில் கற்பலகையை எடுத்துக்கொள்வோம். இது அந்நியப் பொருள் என்று தள்ளிவிட முடியாது. கெர்ரி கவுண்டியின் வாலென்ஷியா தீவிலும், டிப்பெரரிப் பக்கம் கில்லலூ பகுதியிலும் கற்பலகைச் சுரங்கங்கள் இருந்தன. வேல்ஸிலிருந்து கப்பலில் வந்த நீலப் பலகைகளும் நாடெங்கும் பரவின. மேற்கின் ஏழ்மையான, மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளை மேம்படுத்த 1891-இல் தொடங்கிய நெருக்கடி மாவட்ட வாரியமும், அதற்குப் பின் நில ஆணையமும் மேற்கில் கட்டித் தந்த வீடுகளில் கற்பலகைக் கூரையே சிறப்பாகக் கருதப்பட்டது. நன்றாகப் போட்ட கற்பலகை நூறாண்டு கடந்தும் நிற்கும், காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்கமாட்டார். இவ்வளவும் உண்மையே. ஆனால் கற்பலகைக்கு நேரான, சீரான மரச் சட்டம் வேண்டும். அதற்காகக் கோணல் கைமரங்களையும் புல்பத்தைகளையும் முழுதாகப் பிரித்து வெளியே கொட்ட வேண்டியிருக்கும். அப்படிப் பிரித்தபின் சுவர் நிற்கும், வீட்டின் மேல் பாதி போய்விடும். முன்பே கூரை விழுந்துபோன, நான்கு சுவர் மட்டும் எஞ்சிய வீட்டுக்கு நான் தயங்காமல் கற்பலகையைப் பரிந்துரைப்பேன். இந்த வீட்டுக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

நாணலைப் பற்றிப் பலருக்கும் நல்ல அபிப்பிராயம் இருக்கிறது. முப்பது ஆண்டு வரும் என்று சொல்லி விற்கிறார்கள். செங்குத்தான சரிவும் உலர்ந்த காற்றும் இருக்கும் இடத்தில் அது வரவும் கூடும். அயர்லாந்தின் மேற்கில் ஆண்டுக்கு 1,000 முதல் 1,400 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. சில பகுதிகளில் ஆண்டில் 225 நாள் வரை ஈர நாட்கள். அந்த ஈரத்தில் பாசி பிடித்து அது சீக்கிரமே தளர்ந்துவிடும். ஷானன் ஆற்றங்கரை நாணலை முன்பே பயன்படுத்தினார்கள் என்றாலும், இன்று போடப்படுவதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதைவிட முக்கியமான குறை, விறைப்பான நாணல் தண்டு பழைய மெத்தென்ற வைக்கோலின் மேல் சரியாகப் படியாது என்பது. அதற்கும் பழையதைப் பிரித்து, சட்டம் அடித்து, கம்பியாலும் திருகாணியாலும் கட்ட வேண்டும். கூர்மையாக வெட்டிய ஓரமும் அலங்கார முகடுமாக அது நிற்கும்போது, அயர்லாந்தின் மேற்குக் கரை வீடு இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி வீடாகத் தோற்றம் மாறிவிடுகிறது. பழைய கூரையைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்துடனேயே அதை அழித்துவிடும் வழி இது; ஆகவே நான்கில் இதைத்தான் கடைசியில் வைக்கிறேன்.

வைக்கோலின் தனிச் சிறப்பு, அதைப் பழைய கூரையின் மேலேயே வேயலாம் என்பதுதான். மேல்புறம் மக்கிய அடுக்கை மட்டும் சீவிவிட்டு, உறுதியாக இருக்கும் அடியடுக்கில் புதியதைக் குத்துவார்கள். அதனால்தான் சில வீடுகளில் பல தலைமுறை வைக்கோல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அந்தந்தக் காலத்தில் அந்த நிலத்தில் விளைந்த ஓட்ஸ், கோதுமை இனத்துத் தானியமான ரை, ஆளிச் செடி, கடற்கரை மணல்மேட்டுப் புல் என எல்லாம் அதில் கலந்திருக்கும். இன்று மறைந்துபோன பயிர் வகைகளின் கதிரும் களையின் விதையும்கூட அந்த அடுக்குகளில் உலர்ந்தபடியே இருக்கலாம். ஒரு நாள் வேலையில் குப்பை வண்டியில் ஏற்றிவிடும் பொருளாக அதை எண்ணிவிடக் கூடாது.

வைக்கோலின் கடினங்களும் சிறியவை அல்ல. ஓட்ஸ் வைக்கோல் பத்தாண்டு தாங்கினால் நன்று. கோதுமை வைக்கோல் பதினைந்து, இருபது ஆண்டு வரலாம். முகட்டை அதற்கு இடையிலேயே புதுப்பிக்க வேண்டும். கயிற்றால் கட்டிய கரையோரக் கூரைக்கோ ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மேல்வேய்ச்சல் தேவைப்பட்டது. நல்ல வைக்கோல் கிடைப்பதும் எளிதல்ல. உரம் மிகுதியாக இட்டு வளர்த்த பயிரின் தண்டு மென்மையாகிவிடுகிறது. இன்றைய அறுவடை இயந்திரம் தண்டை நசுக்கிவிடுகிறது. வேய்வதற்கென்றே குறைந்த உரத்தில் விளைவித்து, அறுத்துக் கட்டும் பழைய இயந்திரத்தால் அறுத்த வைக்கோல்தான் வேண்டும். வேயத் தெரிந்தவர்களும் குறைவு, அவர்களிடம் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வைக்கோல் கூரை வீட்டுக்குக் காப்பீடு தர முன்வரும் நிறுவனங்கள் அயர்லாந்தில் மிகச் சில, கட்டணமும் அதிகம். வங்கிக் கடனில் வாங்கிய வீட்டுக்குக் காப்பீடு இல்லாமல் முடியாது. ஆசையால் மட்டும் வைக்கோலைத் தேர்ந்துவிட்டு இந்தக் கதவில் முட்டி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை முதல் நாளிலேயே விசாரிக்கச் சொன்னேன்.

மிஞ்சியிருப்பது தகரம். வேயும் கூலி கட்டுப்படியாகாத குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வைக்கோலின் மேலேயே நெளிதகரத்தை அடித்து, செங்காவி வண்ணம் பூசி வந்தன. பார்ப்பதற்கு ஏழ்மையாகத் தோன்றும் இந்தத் தகரம்தான் அடியில் இருக்கும் எல்லாவற்றையும் மழையிலிருந்து காத்து வைத்திருக்கிறது. தகரக் கூரையை அசிங்கம் என்று முதல் வேலையாகப் பிடுங்கி எறிபவர்கள், தாங்கள் தேடிவந்த பழமையையே அதனுடன் எறிகிறார்கள் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தகரத்தின் குறை, அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் உட்புற ஈரம் அதில் நீராகப் படிந்து சொட்டும் என்பது. முகட்டிலும் இறவாணத்திலும் காற்று நுழைய இடைவெளி விட்டால் அது பெரும்பாலும் தீரும். துருப்பிடித்த தாள்களை மாற்றி, திருகாணிகளை இறுக்கி, வண்ணம் பூசினால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு கிடைக்கும். நாளை எந்த வழியை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ள இடம் விட்டுவைக்கும் வழி இது ஒன்றுதான்.

என் முடிவு, ஆகவே, இப்போதைக்குத் தகரம். அடியடுக்கு உறுதி என்று வேய்பவர் சான்று சொல்லி, காப்பீடும் கிடைத்து, வைக்கோலுக்கு ஒரு விவசாயியும் ஒப்புக்கொண்ட பிறகு வைக்கோல்.

சுவர்களைப் பொறுத்தவரை ஒப்பிட அதிகம் இல்லை. கிழக்கிலும் தென்கிழக்கிலும் களிமண்ணை மிதித்து எழுப்பிய சுவர்கள் மிகுதி, மேற்கில் கல். இந்தக் கற்களுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்பும் மண்ணும் கலந்த சாந்து, அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மை உடையது. அதன்மேல் பூசிய சிமெண்டில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். மண்சுவர் என்றால் அடிப்பகுதி குழைந்து சரிந்தேவிடும். சிமெண்டை உளியால் மெதுவாகப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசி, ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டும். முன்பு ஈஸ்டருக்கு முன்போ, முறை வைத்து வீடு வீடாக நடக்கும் பூசை தம் வீட்டுக்கு வரும் முன்போ ஒவ்வொரு குடும்பமும் இதைச் செய்தது. உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் காரை பூசும் வேலை கோடையில்தான்.

கணப்பில் உண்மையான ஒரு தேர்வு இருக்கிறது. இரவில் தணலைச் சாம்பலால் மூடி, காலையில் ஊதி எழுப்பி, ஆண்டுக்கணக்கில் அணையாமல் காத்த நெருப்பு அது. திறந்த கணப்பு அழகானது, ஆனால் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். மூடிய இரும்பு அடுப்பு அறையை நன்றாகச் சூடாக்கும். ஆனால் அதன் புகை பழைய புகைபோக்கி தாங்கும் அளவைவிட மிகச் சூடானது, வைக்கோலின் நடுவே செல்லும் புகைபோக்கியில் அது தீ ஆபத்து. தகரம் மேலே இருந்தாலும் அடியில் வைக்கோல் இருப்பதை மறக்கக் கூடாது. உட்குழாயும் காப்பும் இட்டு, முகட்டுக்கு மேல் போதிய உயரம் எழுப்பி, ஆண்டுக்கு இருமுறை துடைத்தால் மட்டுமே இரும்பு அடுப்பு. அதற்கு மனமில்லையென்றால் அறையை மின்சார வெப்பத்தால் சூடாக்கி, கணப்பில் எப்போதாவது சிறு நெருப்பு மட்டும் மூட்டுவதே பாதுகாப்பு.

சமையலறையைப் பற்றி நண்பரின் மனைவிக்கும் எனக்கும் சிறிது கருத்து வேறுபாடு இருந்தது. அவர் சுவரை ஒட்டி நவீன அலமாரிகளை அடிக்க விரும்பினார். அன்றாடம் சமைப்பவரின் தேவை அது, அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த அறையின் மரச்சாமான்கள் அறையோடு சேர்ந்து உருவானவை. நடுத்தளம் எப்போதும் காலி, எல்லாம் சுவரோரம். பகலில் உயர்ந்த முதுகுடைய மரப்பெஞ்சாகவும் இரவில் தரையில் விரியும் பெட்டிப் படுக்கையாகவும் பயன்படும் செட்டில், சில இடங்களில் அடித்தட்டில் கோழிகளை அடைக்கும் தட்டலமாரி, வேண்டாதபோது சுவரோடு மடக்கிவிடும் மேசை, வைக்கோல் பிரியால் பின்னிய இருக்கையுடைய சுகான் நாற்காலி ஆகிய இவையெல்லாம் நடுவை விட்டுவைப்பதற்காகவே அவ்வாறு அமைந்தவை. புகை மேலே தேங்கும் என்பதால் முக்காலிகள் தாழ்வாக இருந்தன. காலியான அந்த நடுத்தளத்தில்தான் நூல் நூற்றார்கள், கதை கேட்டார்கள், ஆடினார்கள். ஆட்டத்தின் காலோசை நன்கு எதிரொலிக்க வேண்டும் என்று தளக்கல்லுக்கு அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்த வீடுகளும் உண்டு. வடமேற்கில் கணப்பருகே பின்சுவரைச் சற்றே வெளியே தள்ளிக் கட்டிய படுக்கை மாடம் இருக்கும், முதியவர்கள் அங்கே உறங்குவார்கள். நண்பரின் வீட்டில் அதுவும் இருந்தது, பலகையால் அடைத்து மறைத்திருந்தார்கள்.

இங்கேதான் பின்கதவு உதவியது. வீட்டின் பின்னால் தாழ்ந்த ஒரு சிறு கட்டடத்தை எழுப்பி, பின்கதவையே வழியாக்கி, சமையலும் குளியலும் அங்கே போகட்டும் என்றேன். பழைய சுவரில் ஒரு கல்லைக்கூட உடைக்க வேண்டாம். நவீன அலமாரிகள் அவருக்கு விருப்பமானபடி புதிய சுவரில் இருக்கட்டும். பழைய அறையில் கணப்பும், மாடமும், காலியான நடுத்தளமும் நிலைக்கட்டும். அவர் ஒப்புக்கொண்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வீட்டைக் கட்டியவர்கள் ஏழைகளில் ஏழைகள் அல்லர். 1841 கணக்கெடுப்பில் நான்காம் தர வீடு என்று வகைப்படுத்திய ஓரறை மண் குடில்கள் அயர்லாந்தில் 4,90,000-க்கு மேல் இருந்தன. 1851-இல் அவை 1,35,000 அளவுக்குச் சுருங்கின. இடையில் வந்தது பெரும்பஞ்சம். அந்தக் குடில்களைச் சீர்செய்யலாமா என்று கேட்க இன்று ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை. ஆகவே எஞ்சியிருப்பதைப் பற்றி எடுக்கும் முடிவு இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பணத்துக்கு, 2007 வரை கட்டப்பட்டு இரண்டாண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டைச் சீர்செய்ய அரசு 50,000 யூரோ வரையும், சிதைந்த நிலையில் இருந்தால் 70,000 யூரோ வரையும் மானியம் தருகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே ஒப்புதல் பெற வேண்டும். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கவுண்டி மன்றத்திடம் முதலில் கேட்டறிய வேண்டும். இருந்தால் எதைத் தொடவும் அனுமதி தேவைப்படக்கூடும்.

அக்டோபரில் வேய்பவர் வருகிறார். முகட்டுக்கு அருகே இரண்டு தகரத் தாள்களை மட்டும் கழற்றி, வைக்கோலுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பார். உள்ளே உலர்ந்திருந்தால் விவசாயியிடம் பேசத் தொடங்குவோம். ஈரமாக இருந்தால் தாள்களை மீண்டும் அடித்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம்.